எழுதாமல் விட்ட பொங்கல்

கார்த்திகேசு என் தங்கை மங்களத்தின் புருஷன். குனோங் ராபாட்டில் ஒரு பள்ளிக்கூடத்துக் கேட்டில் காவலுக்கு நிற்கும் ஜாகா வேலை. இனிப்பு நீர் வியாதி வந்து பதினைந்து வருஷம். போன வருஷம் இடது காலில் இரண்டு விரலை எடுத்தார்கள். மிச்சக் காலாவது தங்கட்டும் என்றுதான் அந்த ஆராய்ச்சிக்குப் பெயர் கொடுத்தான். எந்தச் சாப்பாட்டுக்கு இன்சுலின் எப்படி வேலை செய்கிறது என்று ஈப்போ ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு புத்தகம் கொடுத்து, வாயில் போடுவதையெல்லாம் எழுதச் சொன்னார்கள்.

அவனுக்கு எழுத வராது. ஆறாம் வகுப்பு வரை போன நான்தான் எழுதினேன்.

"வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு என்னா எழுதறது மச்சான்?"

"ஒண்ணும் எழுதாத. கோயில்ல சாப்பிட்டது."

"ரெண்டு தொன்னை சக்கரப் பொங்கல் தின்னியே."

"அது பிரசாதம்லா. ஆத்தா குடுத்தத புக்குல எழுதி டாக்டர்கிட்ட காட்டுவியா? நாக்கு அழுகிப் போயிடும் உனக்கு."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் ரப்பர் தோட்டத்து ஆட்கள் யாரும் பிரசாதத்தைச் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. கோடு போட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் ரத்தம் எடுப்பார்கள். ஒவ்வொரு தடவையும் சீனி ஏறி நிற்கும். அங்கே வேலை செய்யும் ஷாமினி புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பாள்.

"அண்ணே, எழுதினதுக்கும் இதுக்கும் ஒத்துவரலையே. வேற ஏதும் சாப்பிடறீங்களா?"

"இல்லம்மா," என்றான். அவள் என்னைப் பார்த்தாள். நானும் இல்லை என்றேன். டாக்டர் ஊசி மருந்தைக் கூட்டினார். பிறகு இன்னொரு தடவையும் கூட்டினார்.

கோயில் எங்கள் பழைய தோட்டத்தில் இருக்கிறது. ரப்பரை அழித்துச் செம்பனை போட்டுவிட்டார்கள். நாங்கள் குடியிருந்த லயமெல்லாம் போய், கோயில் மட்டும் நிற்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல ஊசியைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போனான். அவன் அங்கேயே சாப்பிட்டுவிடுவான் என்று மங்களம் சமைக்கவில்லை.

பூசாரி வீட்டில் சாவு. தீட்டு என்று கோயிலைப் பூட்டியிருந்தார்கள். யாராவது வருவார்கள் என்று படியிலேயே உட்கார்ந்திருக்கிறான். உடம்பெல்லாம் வேர்த்து வாய் குளறியிருக்கிறது. செம்பனைக்குலை ஏற்றும் லோரிக்காரன் பார்த்துவிட்டு, குடிகாரன் என்று போய்விட்டான். பிறகு அந்த லோரிக்காரனே என்னிடம் சொன்னான். கார்த்திகேசு ஒரு நாளும் குடித்ததில்லை.

ஆளைக் காணோம் என்று மங்களம் போன் செய்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது உடம்பு சில்லிட்டு, மூச்சு மட்டும் இருந்தது.

மூளைக்குச் சீனி போகாமல் நேரம் ஆகிவிட்டது என்றார்கள். ஐந்து மாதமாகப் படுக்கை. கண் திறக்கும், யாரையும் பார்க்காது. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை மங்களம் மூக்குக் குழாயில் பால் ஊற்றுகிறாள். கால் இரண்டும் நன்றாகத்தான் இருக்கிறது.

"மருந்த ஏண்ணே அவ்ளோ கூட்டுனாங்க?" என்று போன வாரம் கேட்டாள். "புக்குல நீ எல்லாத்தையும் சரியா எழுதினதான?"

எழுதினேன் என்று சொல்லிவிட்டு, குழாயைப் பிடித்துக்கொண்டேன்.