சரியாக வந்த பாக்கெட்டுகள்

மிட்டாய் ஃபாக்டரியில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'சராசரி' என்றால்தான் தெரியும். எதைப் பேசினாலும் நடுவே அந்த வார்த்தை எப்படியும் வந்து விழுந்துவிடும். "இன்னிக்கு பஸ் லேட்டா?" என்று கேட்டால்கூட, "சராசரியா பார்த்தா சீக்கிரம்தான்" என்பாள். பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவளும் கூடவே சிரிப்பாள்.

சரிபார்ப்பது அவள் வேலை. பாக்கெட்டின் மேல் இருநூறு கிராம் என்று அச்சடித்திருக்கும். உள்ளே அவ்வளவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் நிறுக்க உட்கார்ந்தால் பொழுது விடிந்துவிடும். அதனால் ஒவ்வொரு மேசையிலிருந்தும் சிலவற்றை மட்டும் எடுப்பாள். எதை எடுப்பது என்பதைத் தன் கண்ணிடம் விடமாட்டாள். கண் குண்டுப் பாக்கெட்டைத்தான் தேடிப் போகும் என்பாள். ஒரு டப்பாவில் எண் எழுதிய சீட்டுகளைப் போட்டுக் குலுக்குவாள். எந்த எண் வருகிறதோ அந்தப் பாக்கெட்டை உருவுவாள்.

நிரப்புவது கைவேலை. கரண்டியால் அள்ளிப் பையில் கொட்டி, கடைசியில் ஒன்றிரண்டு மிட்டாயைக் கூட்டியோ குறைத்தோ சரி செய்ய வேண்டும். அதில் அவளுடைய அக்காவை அடிக்க ஆள் கிடையாது. பார்க்காமலே போடுவாள், அளவு பிசகாது. அப்பா அம்மா போன பிறகு தங்கையைப் படிக்க வைத்ததும், இந்த வேலையில் சேர்த்துவிட்டதும் அக்காதான். கணவர் இறந்த பிறகு அக்காவும் தனி ஆள், தங்கை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. இருவரும் இரண்டு அறை வீடொன்றில் ஒன்றாக இருந்தார்கள்.

ஒருநாள் ஒரு கடைக்காரரிடமிருந்து புகார் வந்தது. அண்ணனும் தங்கையுமாக இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு பாக்கெட் வாங்கிப் பிரித்து, உனக்கு ஏன் கூட, எனக்கு ஏன் குறை என்று கடை வாசலிலேயே முடியைப் பிடித்துக்கொண்டார்களாம்.

மேனேஜர் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். "சராசரி சரியாத்தானே இருக்கு?"

"இருக்கு சார். ஒண்ணுல கூடப் போட்டு இன்னொண்ணுல குறைச்சுப் போட்டாலும் சராசரி சரியாத்தான் வரும். குறைஞ்ச பாக்கெட் கிடைச்ச பிள்ளைக்கு அதனால என்ன?"

அன்று மேசை மேசையாகத் தனித்தனியே பார்த்தாள். குறைந்த பாக்கெட்டுகளை இடப்பக்கமும், கூடியவற்றை வலப்பக்கமும், சரியானவற்றை நடுவிலுமாக எடைப்படி அடுக்கினாள். ஒவ்வொரு மேசைக்கும் நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சரியும் ஒரு சின்னக் குன்று எழுந்தது. ஒரே ஒரு மேசையின் பாக்கெட்டுகள் மட்டும் எங்கும் உயராமல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தட்டையாகப் பரவிக் கிடந்தன. அது அக்காவின் மேசை.

கொஞ்ச நாளாக வீட்டில் அக்கா டீயை அரை டம்ளர்தான் ஊற்றிக் கொடுக்கிறாள். "என்னக்கா, இவ்வளவு சிக்கனம்?" என்று தங்கை கிண்டல்கூடச் செய்திருந்தாள். முழு டம்ளரைத் தளும்பாமல் நீட்ட அக்காவால் முடியவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

மேனேஜரிடம் சொன்னால் அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அக்காவிடமே சொல்லலாம் என்றால் வாய் வரவில்லை. பையின் வாயை ஒட்டும் முன் பாக்கெட்டுகள் தட்டில் காத்திருக்கும். மற்றவர்கள் சாப்பிடப் போனதும் அக்காவின் தட்டை இழுத்து, ஒவ்வொன்றாக நிறுத்து, கூட்டிக் குறைத்து வைத்தாள். தினமும் அப்படியே செய்தாள். குறைந்த பாக்கெட் எந்தப் பிள்ளை கைக்கும் போகவில்லை, அக்காவுக்கும் கெட்ட பேர் இல்லை. யாருக்கு என்ன நஷ்டம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அக்கா கேட்பாள். "இன்னிக்கு என்னுது எப்படி?"

"சரியா இருக்குக்கா."

அக்காவின் முகம் மலரும். அந்த மலர்ச்சிக்காகவே மறுநாளும் தட்டை இழுப்பாள்.

கையால் நிரப்பினால் ஒன்றிரண்டு கிராமாவது முன்னே பின்னே வரத்தான் செய்யும். அக்காவின் மேசையில் அதுகூட இல்லாமல் போனது மேனேஜர் கண்ணில் பட்டது. சூது தெரியாத மனுஷர். பூரித்துப்போனார். புதிதாகச் சேர்ந்த பெண்களைக் கூட்டிக்கொண்டு அக்காவிடம் வந்தார்.

"அம்மா, நீங்க எப்படிப் போடுறீங்கன்னு இவங்களுக்கு ஒரு தடவை காட்டுங்க."

தராசருகே இருந்த தங்கை பதறி எழுந்தாள். "சார், வேலை நேரத்துல எதுக்கு? அப்புறம் காட்டலாமே!"

"ரெண்டு நிமிஷம்தானேம்மா."

அக்காவுக்கு வெட்கமும் பெருமையுமாக இருந்தது. கரண்டியை எடுத்து அள்ளினாள். அத்தனை பேர் பார்க்கிற கூச்சத்தில் கை இன்னும் அதிகமாக ஆடியது. மிட்டாய்கள் பையின் விளிம்பில் பட்டுத் தெறித்துத் தரையெங்கும் உருண்டன. யாரோ ஒருத்தி சிரிக்கப் போய் அடக்கிக்கொண்டாள். அக்கா மறுபடி அள்ளினாள். மேனேஜர் அந்தப் பையைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, மறுபடி மிட்டாய்க் குவியலிலேயே கொட்டினார். அக்கா தராசைப் பார்க்கவில்லை. தங்கையைத்தான் பார்த்தாள்.

மறுநாள் காலையில் அக்காவே பேச்சைத் தொடங்கினாள்.

"கை நடுங்குறது எனக்குத் தெரியாதா? டாக்டரைப் பார்க்கக் கிளம்பித்தான் இருந்தேன். நீ தினமும் சரியா இருக்கு, சரியா இருக்குன்னு சொன்னே. கை தேறிட்டு வருதுன்னு நம்பி விட்டுட்டேன்டி."

"உன் வேலை போயிடுமேன்னுதான்க்கா..."

"வேலை போனா போகுது. என் கை எப்படி இருக்குன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

அன்றே தங்கை அவளை டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

நரம்புக் கோளாறு என்றார் டாக்டர். குணமாகிற வியாதி இல்லை, ஆனால் முன்னாடியே வந்திருந்தால் மருந்து கொஞ்ச காலம் தாங்கிப் பிடித்திருக்கும் என்றார். "இன்னும் எவ்வளவு நாள் நடமாட முடியும்?" என்று தங்கை கேட்டாள். "ஆளுக்கு ஆள் மாறும்மா. சராசரியா பார்த்தா..." என்று அவர் ஆரம்பிக்கவும், "வேண்டாம் டாக்டர்" என்று எழுந்துவிட்டாள்.

மேனேஜரிடம் போய் நடந்ததை எல்லாம் ஒப்புக்கொண்டாள். அவர் திட்டவில்லை. எடை பார்க்கும் வேலையை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டு, அவளை லேபிள் ஒட்டும் மேசைக்கு மாற்றினார்.

அக்காவுக்குக் கைக்குப் பிறகு காலும், காலுக்குப் பிறகு பேச்சும் தளர்ந்தன. ஊட்டிவிடுவதும் குளிப்பாட்டுவதும் தங்கைதான். கோபம் எப்போது போனது என்று இருவருக்கும் தெரியாது. ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவே அக்கா குழறிக் குழறிக் கேட்டாள்.

"இன்னிக்கு எப்படி இருக்கேன்?"

தங்கை அவள் வாயைத் துடைத்துவிட்டாள். "நேத்தைவிட மோசம்தான்க்கா. முழுங்கவே கஷ்டப்படுறே."

அக்கா தலையை அசைத்தாள். "ம்... இப்படிச் சொல்லு."

அந்த மழைக்காலம் முடிவதற்குள் அக்கா போய்விட்டாள். தங்கை அவள் துணிமணிகளை மடித்து, கேட்டவர்களுக்குக் கொடுத்தாள். அடுத்த திங்கட்கிழமை வேலைக்குப் போனபோது, லேபிள் மேசையில் அவள் இடத்தை அவளுக்காகக் காலியாகவே விட்டிருந்தார்கள். பக்கத்திலிருந்தவள் பசை டப்பாவை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.