டிரம்பெட்காரரின் முன்பல்

பல் டாக்டரைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆனால் அவர் பிடுங்கிப்போட்ட பல்லுக்குப் பதிலாக வைக்கிற பல்லை யார் செய்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. டாக்டரே சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து செய்துவிடுகிறார் என்று நினைத்துக்கொள்கிறார்களோ என்னவோ. செய்கிறவர் வேறு ஆள். மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கின அறை, ஜன்னலோரம் ஒரு மேசை, அதன்மேல் எப்போதும் பிளாஸ்டர் தூள். அந்த மேசையில் பாதி ஆயுளைக் குனிந்தே கழித்தவரைத் தெருவில் எல்லோரும் பல்லுக்காரர் என்றார்கள். அவருக்கும் அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது.

கையில் எடுத்த வேலையைச் சுத்தமாகச் செய்வார். சுத்தம் என்றால் அவர் கணக்கில் நேர்த்தி. வரிசை பிசகாமல், இடைவெளி இல்லாமல், ஒன்றுக்கொன்று ஒட்டி நிற்க வேண்டும். கோணல் பல்லோடு பிறந்து அறுபது வருடம் அவதிப்பட்டவர்கூட இவர் கைக்கு வந்தால் மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு போவார். என் பழைய கோணலையே திருப்பிக் கொடுங்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

இப்படிப்பட்டவருக்கு ஜாஸ் பிடித்துப்போனதுதான் வேடிக்கை. வயதான டிரம்ஸ்காரர் ஒருவருக்குப் பல்செட் கொடுக்கப் போனவர், வாசித்து முடிக்கட்டும் என்று கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அன்றைக்கு உட்கார்ந்தவர்தான். மரச்சாமான் கடைக்கு மேலே ஒரு நீளக் கூடம், மடக்கு நாற்காலிகள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலக் கச்சேரி. இருபது வருடத்தில் கடைசி வரிசையிலிருந்து மூன்றாவது வரிசைக்கு வந்து சேர்ந்திருந்தார். அங்கே வாசிப்பதை யாரும் முழுதாக எழுதிவைத்துக்கொண்டு வாசிப்பதில்லை. பாட்டின் எலும்புக்கூடு மட்டும்தான் எல்லோருக்கும் தெரிந்தது. சதையை அவரவர் அந்த நிமிடத்தில் வைத்துக் கட்டுவார்கள். இந்த ஞாயிறு கேட்டது அடுத்த ஞாயிறு வராது.

"ஒரே பாட்டை ஆளுக்கு ஒரு விதமா வாசிக்கிறாங்க, ஒருத்தருக்கும் இன்னும் சரியா வரல போல" என்பாள் அவர் மனைவி. அவள் ஒருமுறைகூடக் கூடத்துக்கு வந்ததில்லை. அவர் வீட்டுக்கு வந்து சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டே துணி மடித்து வைப்பாள். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

கச்சேரி முடிந்ததும் எதிர்சாரி டீக்கடையில் மூன்று பேர் உட்காருவார்கள். பல்லுக்காரர், கணக்கு டீச்சர் ஒருவர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர். அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. முதல் டீ முடிகிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. அப்புறம் ஒவ்வொருவராக 'இடம்' சொல்ல வேண்டும். அன்றைய கச்சேரியில் எந்த இடம் தன்னைப் பிடித்து உலுக்கியதோ அந்த ஒரே ஒரு இடத்தை. நன்றாயிருந்தது, பிரமாதம் என்ற பேச்செல்லாம் அங்கே செல்லாது. ஒருவர் சொன்ன இடத்தை இன்னொருவர் மறுக்கக் கூடாது. உலுக்கவில்லை என்றால் "எனக்கு இன்னைக்கு இல்ல" என்று சொல்லிவிட வேண்டும். டீச்சர் இதைத் தயவுதாட்சண்யம் இல்லாமல் சொல்வார். டிரைவரும் எப்போதாவது சொல்வார். பல்லுக்காரர் மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

அவருடைய இடம் பெரும்பாலும் ஒன்றேதான். டிரம்பெட்காரர் மெதுவான பாட்டில் வாசிக்கிற முதல் சத்தம். "காத்து முதல்ல வருது டீச்சர். வெறும் காத்து. அதுக்கப்புறம்தான் ஸ்வரம் வருது. யாரோ பேச வாயெடுத்து, ஒரு நொடி யோசிச்சுட்டுப் பேசற மாதிரி." சொல்லும்போது அவர் கை தானாக நெஞ்சுக்குப் போகும். வீட்டுக்குப் போய் மனைவியிடமும் இதையேதான் சொல்வார்.

இருபது வருடத்தில் அந்த டிரம்பெட்காரரோடு அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. கூச்சம்தான், வேறென்ன. ஒரு ஞாயிறு டிரம்பெட் இல்லாமலே கச்சேரி நடந்தது. மூவரும் டீயைக் குடித்து முடிக்கவில்லை, டிரம்பெட்காரரே கடைக்குள் வந்தார். ஐம்பதைத் தாண்டினவர். உள்ளங்கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசினார்.

"பல்லு செய்யறவங்க யாருங்க இங்க?"

பல்லுக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எழுந்து நின்றுவிட்டார்.

"நீங்க வாராவாரம் கேக்க வருவீங்கன்னு கூடத்துல சொன்னாங்க. ஈறு போயிடுச்சு சார். மேல நாலு முன்பல்லும் எடுத்தே ஆகணும்னு டாக்டர் சொல்லிட்டார். பல்லு போனா எனக்கு வாத்தியம் போச்சு. உதட்ட எதுமேல வச்சு ஊதறது? புதுப்பல்லு நீங்கதான் செஞ்சு தரணும். என் சத்தம் தெரிஞ்சவர் கையால வந்தா நல்லாருக்கும்னு தோணுது. பழையபடி ஊதணும் சார், அவ்வளவுதான்."

"ஊதுவீங்க" என்றார் பல்லுக்காரர். டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். அதற்கு முன்னால் பல்லுக்காரர் எதற்கும் இவ்வளவு சட்டென்று வாக்குக் கொடுத்தவர் இல்லை.

பிடுங்குவதற்கு முன்பே டாக்டர் அச்செடுத்து அனுப்பினார். பல்லுக்காரர் அதில் பிளாஸ்டர் ஊற்றி, காய்ந்ததும் எடுத்துப் பார்த்தார். அந்த வாய் இப்போது அவர் உள்ளங்கையில் இருந்தது. இடது முன்பல் ஒன்று பக்கத்துப் பல்மேல் கொஞ்சம் ஏறி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. அதனால்தான் மனுஷன் வாயை மறைக்கிறார் என்று புரிந்தபோது பல்லுக்காரருக்கு மனசு கேட்கவில்லை. இருபது வருடமாக இத்தனை கொடுத்தவருக்கு நாம் என்ன கொடுத்தோம்? ஊதவும் வேண்டும், அதோடு அவர் கையை எடுத்துவிட்டுச் சிரிக்கவும் வேண்டும் என்று முடிவு செய்தார். யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. கோணலை நேராக்குவதுதானே அவர் தொழில்.

இந்த வேலையில் ஒரு முறை உண்டு. புதுப்பல்லை வைக்க வேண்டுமானால் அச்சில் இருக்கிற பழைய பல்லைச் செதுக்கி எடுத்துவிட்டுத்தான் வைக்க முடியும். அவர் கத்தியை எடுத்து நான்கையும் செதுக்கினார். தூளை வாயால் ஊதித் தள்ளினார். பிறகு மெழுகில் ஒவ்வொரு பல்லாக நிறுத்தி, எடுத்து, மறுபடி நிறுத்தி, தன் கைவேலையிலேயே ஆகச் சிறந்த நான்கு பற்களைச் செய்தார்.

பிடுங்கிய அன்றே டாக்டர் அதை வைத்துவிட்டார். வீக்கமெல்லாம் வடிந்த பிறகு டிரம்பெட்காரர் பல்லுக்காரரின் அறைக்கு வந்து சுவர்க் கண்ணாடி முன்னால் நின்றார். பழக்கதோஷத்தில் கை வாய்க்கு ஏறியது, பாதி வழியில் நின்றது, இறங்கியது. சிரித்தார். கண்ணாடிக்குள் தெரிகிற ஆளைப் பார்த்து இன்னொரு தடவை சிரித்தார்.

"அண்ணே" என்றார். அதுவரைக்கும் சார்தான். "எங்க கல்யாண போட்டோவுலகூட நான் வாயத் திறக்கல அண்ணே."

பல்லுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து, "அவர் மறுபடி வாசிக்கிற அன்னைக்கு நீ கட்டாயம் வரணும். நான் செஞ்ச பல்லு" என்றார். மனைவியும் பெட்டியில் இருந்த நல்ல புடவையை எடுத்து வைத்தாள்.

வாசிக்கப் பல மாதம் பிடித்தது. புதுப்பல் பழக வேண்டும் என்று எல்லோருமே நினைத்தார்கள். அந்த ஞாயிறு கூடம் நிறைந்திருந்தது. மனைவியும் நல்ல புடவையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். டிரம்பெட்காரர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபோது முன்வரிசையில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. வேகமான பாட்டுகள் எப்படியோ ஒப்பேறின. மெதுவான பாட்டு வந்தது. பல்லுக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஸ்வரம் வந்தது. நேராக, பளிச்சென்று, சுத்தமாக வந்தது. காற்று வரவில்லை. இரண்டாவது ஸ்வரம் பிசிறியது. மூன்றாவதை அவர் எடுக்கவே இல்லை, பியானோக்காரரிடம் விட்டுவிட்டார்.

டீக்கடையில் முதல் டீ ஆறிப்போகிற வரைக்கும் யாரும் குடிக்கவில்லை. டீச்சர்தான் முதலில் சொன்னார்: "எனக்கு இன்னைக்கு இல்ல." சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டிரைவர் டிரம்ஸில் ஏதோ ஒரு இடத்தைச் சொன்னார். பல்லுக்காரர் முறை வந்தது.

"மெதுவான பாட்டு. காத்து முதல்ல வந்துது" என்றார்.

மறுக்கக் கூடாது என்பது வழக்கம். யாரும் மறுக்கவில்லை, அவரை நிமிர்ந்து பார்க்கவுமில்லை.

டீக்கடை வாசலில் காத்திருந்த மனைவிக்கு அந்த வழக்கமெல்லாம் தெரியாது. திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வெள்ளந்தியாகக் கேட்டாள். "ஏங்க, அந்தக் காத்து எப்ப வந்துது? நீங்க வருஷக்கணக்கா சொல்லுவீங்களே, அதுக்குன்னே காத தீட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். எனக்குக் கேக்கவே இல்லயே."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து டிரம்பெட்காரர் அறைக்கு வந்தார். கோபமாக வந்திருந்தால் தேவலாம். மெதுவாக உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அந்தக் கோணப்பல்லுதான் அண்ணே. சின்ன வயசுலேருந்து உதட்ட அதுமேலதான் சாய்ச்சு வச்சிருந்தேன் போல. அதுக்குப் பக்கத்துச் சந்துல காத்து கசிஞ்சிருக்கு. எனக்கே தெரியாது. அது போனப்புறம்தான் தெரியுது. அதே மாதிரி கோணலா ஒண்ணு செஞ்சுட முடியுமா?"

"செஞ்சுடலாம், செஞ்சுடலாம்" என்று பல்லுக்காரர் அலமாரியைத் திறந்து அச்சை எடுத்தார். முன்னால் நான்கு பல் இருந்த இடம் மொட்டையாக இருந்தது. அவரே செதுக்கியது. பிடுங்கிய பல்லை டாக்டர் அன்றைக்கே குப்பையில் போட்டுவிட்டார். சரி, போட்டோ? கல்யாணத்தில் எடுத்தது, கச்சேரியில் எடுத்தது, டீச்சர் வைத்திருந்தது என்று எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார். ஒன்றில் வாய் மூடியிருந்தது, ஒன்றில் கை மறைத்திருந்தது, மற்றதிலெல்லாம் டிரம்பெட் மறைத்திருந்தது.

மிச்சம் இருந்தது அவருடைய ஞாபகம் ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். இடது பல், வலது பல்மேல் ஏறியிருந்தது. எவ்வளவு? முகத்தைத் திருப்பியிருந்தது. எந்த அளவுக்கு? அந்த அச்சை அத்தனை நேரம் கையில் வைத்துப் பார்த்தவருக்கு அது தெரியவில்லை. ஏனென்றால் அவர் அந்தப் பல்லை ஒருபோதும் பார்க்கவே இல்லை. திருத்த வேண்டிய ஒன்றைத்தான் பார்த்தார்.

இருந்தும் செய்தார். ஒரு கோணல், அது சரியில்லை என்று இன்னொரு கோணல், அதற்கப்புறம் இன்னொன்று. நேராகச் செய்யத் தெரிந்த கைக்குக் கோணலாகச் செய்ய வரவில்லை. டிரம்பெட்காரர் ஒவ்வொன்றையும் பொறுமையாகப் போட்டு, அந்த ஒடுங்கின அறையிலேயே ஊதிப் பார்த்தார். பிளாஸ்டர் தூள் பறந்தது. ஒருநாள் டிரம்பெட்டைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"போதும் அண்ணே. நேரா இருக்கறதயே குடுங்க. சிரிக்கவாவது செய்யலாம்."

அவர் போன பிறகு பல்லுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். விக்கி விக்கி அழுதார். மாடிப்படியில் ஏறி இறங்குகிறவர்களுக்குக் கேட்டிருக்கும். கேட்டால் கேட்கட்டும் என்றுதான் இருந்தது அவருக்கு.

பல ஞாயிறுகள் அவர் கூடத்துக்குப் போகவில்லை. மனைவிதான் பார்த்துப் பார்த்து, கடைசியில் சட்டையை இஸ்திரி போட்டுக் கையில் கொடுத்து வெளியே தள்ளினாள். போனார். மேடையில் புதிதாக ஒரு பெண் டிரம்பெட் வாசித்துக்கொண்டிருந்தாள். நல்ல உயரம், நல்ல வாசிப்பு. பக்கத்து நாற்காலியில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். திரும்பினால் டிரம்பெட்காரர். டிக்கெட் வாங்கிக்கொண்டு, மற்றவர்களைப் போல மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கு டீக்கடையில் நான்கு பேர். டிரைவர் வழக்கத்தைச் சொல்லிக் கொடுத்தார். டிரம்பெட்காரர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டினார். முதல் டீ முடிந்தது. டீச்சர் இடம் சொன்னார், டிரைவரும் சொன்னார். அடுத்து டிரம்பெட்காரர் முறை.

"மெதுவான பாட்டு ஒண்ணு வாசிச்சாங்கல்ல. ஊதறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு மூச்சு இழுத்துச்சு. நானும் கூடவே இழுத்துட்டேன்." டம்ளரைத் தள்ளி வைத்தார். "அது மூச்ச வாத்தியத்துக்குள்ள விட்டுடுச்சு. என்னுது உள்ளயே நின்னுடுச்சு. அதான் என் இடம்."

டீச்சர் எழுந்துபோய்க் கை கழுவுகிற இடத்தில் நின்றார். பல்லுக்காரர் முறை வந்தது. அவர் எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்தார்.

"எனக்கு இன்னைக்கு இல்ல" என்றார். முதல்முறையாகச் சொன்னார். "அன்னைக்கும் இல்ல. பொய் சொன்னேன்."

டிரம்பெட்காரர் அவர் தோளில் கையைப் போட்டு, பரவாயில்லை என்கிற மாதிரி சிரித்தார். இரண்டாவது டீயைக் கொண்டுவந்து வைத்த கடைக்காரம்மா அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"சார் சிரிச்சா எவ்வளவு லட்சணமா இருக்கு. பல்லு வரிசை எழுதி வச்ச மாதிரி."

"இவர் செஞ்சதும்மா" என்றார் டிரம்பெட்காரர். அவர் குரலில் குத்தல் இல்லை, நிஜமாகவே பெருமையாகத்தான் சொன்னார். அந்தம்மாவுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று இன்னொரு தடவை வாயை அகலத் திறந்து சிரித்துக் காட்டினார்.

பல்லுக்காரர் டம்ளரைக் கையில் எடுத்தார். குடிக்காமலே மறுபடி மேசைமேல் வைத்துவிட்டார்.