அந்தரத்தில் நின்ற அலுமினியத் தூள்

மின்னேற்றம் பெற்ற துகளைக் காற்றிலேயே கட்டிப்போடும் பொறி ஒன்றை, நான் பாடம் நடத்தும் கல்லூரியின் ஆய்வகத்தில் செய்துகொண்டிருந்தேன். அயனிகளைப் பிடிக்க வெற்றிடம் வேண்டும். தூளைப் பிடிக்க அது தேவையில்லை. ஒரு பித்தளை வளையம், மேலும் கீழும் இரண்டு உலோகக் குமிழ்கள், பழைய நியான் விளம்பரப் பலகையிலிருந்து கழற்றிய டிரான்ஸ்பார்மர் போதும். தூள் மட்டும்தான் சரியாக அமையவில்லை.

என் கணவர் ஓசூரில், வண்டி உதிரிபாகங்களைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் ஒரு சின்ன யூனிட்டில் சூப்பர்வைசர். அவரிடம் கேட்டேன். மாத்திரை டப்பாவில் அலுமினியத் தூள் கொண்டுவந்தார். முகத்துக்குப் போடும் பவுடரைவிட நைசாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவரையும் ஆய்வகத்துக்கு அழைத்துப் போனேன். சுவிட்சைப் போட்டதும் டிரான்ஸ்பார்மர் உறுமியது. தூளைத் தூவினேன். பெரும்பாலும் கீழே விழுந்தது. நாலைந்து துகள்கள் மட்டும் வளையத்தின் நடுவே, ஒன்றை ஒன்று நெருங்காமல், சின்னச் சின்னக் கோடுகளாக நடுங்கியபடி நின்றன.

"எப்படி நிக்குது?" என்றார்.

"வெளிய தள்ளுற விசை, தூளு தப்பிக்கிறதுக்குள்ள திசை மாறி உள்ள இழுக்குது. மாத்தி மாத்தி இழுத்துட்டே இருக்கிறதால நடுவுலயே கிடக்குது."

மின்னழுத்தத்தை ஏற்றினேன். கோடுகள் நீண்டன. ஒரு துகள் வீச்சு பெருகிப் பெருகி, சட்டென்று காணாமல் போனது. அவர் கேட்டார்:

"இந்தத் தூளு இவ்ளோ கரண்ட் புடிக்குமா? ஷெட்ல தூசி உறிஞ்சுற குழாய தொட்டா சுருக்குனு அடிக்குது. போன தடவ ரிப்பேர் பண்ணப்ப பிளாஸ்டிக் குழா போட்டுட்டாங்க. நடுவுல வளைவு மட்டும் தகரம்."

சுவிட்சை அணைத்துவிட்டு அவருக்கு விளக்கினேன். பிளாஸ்டிக்கில் உரசிப் போகும் தூள் மின்னேற்றம் பெறும். அந்தத் தகரத்தில் சேரும் மின்சாரம் தரைக்கு இறங்க வழியில்லை. ஒரு தீப்பொறி போதும். காற்றில் பறக்கும் அலுமினியத் தூள் வெடிமருந்து மாதிரி.

மறுநாளே குழாயை மாற்றும்படி முதலாளியிடம் சொன்னார். "ஏனூ ஆகல்ல பிடு" என்று கன்னடத்தில் சிரித்தாராம் அவர். ஒன்றும் ஆகாது, விடு என்று.

ஆயுதபூஜைக்குக் குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். போனேன். மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. தலைக்கு மேலே இரும்புச் சட்டங்களில் தூசி மெத்தை மாதிரி படிந்திருந்தது. வாசலில் மேளம் அதிர, அது பொலபொலவென்று உதிர்ந்து வெயிலில் மினுங்கியது. தட்டில் கற்பூரம் எரிய, பூசாரி உள்ளே கால் வைத்தார். என் கணவர் ஓடிப்போய்க் குறுக்கே நின்றார்.

"சாமி, தீபாராதனைய வெளியவே வச்சிக்கலாங்க."

"நல்ல நாளும் அதுவுமா சாமிய வாசல்லயே நிறுத்தறியா?" என்றார் முதலாளி. இவர் நகரவில்லை. கடைசியில் வாசலிலேயே கற்பூரம் காட்டினார்கள். ஆனால் அன்றிலிருந்து முதலாளி அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. குழாயும் மாறவில்லை.

தீபாவளி கழிந்து ஒரு மத்தியானம் அவரிடமிருந்து போன் வந்தது. குரல் அடையாளமே தெரியவில்லை. "எனக்கு ஒண்ணுமில்ல. லோடு ஏத்த வெளி கேட் பக்கத்துல நின்னுட்டிருந்தேன்" என்றார். குழாய்க்குள் தீ ஓடி, தகர வளைவு பிளந்து, மேலே படிந்திருந்த தூசி அத்தனையும் பற்றியிருக்கிறது. கூரைத் தகடு ரோட்டில் போய் விழுந்ததாம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து வேலை செய்த ஒருவருக்கு இரண்டு கையும் முகமும் வெந்துவிட்டன.

ஆஸ்பத்திரியில் அந்தத் தொழிலாளியின் மனைவி என்னைப் பார்த்து, "வெறும் தூசிதான அக்கா? தூசி எப்படி எரியும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியவள் நான். அன்று அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். அவள் கணவர் பிழைத்தார், விரல்கள் மடங்குவதில்லை.

ஷெட்டுக்குப் புதுக் கூரை போட்டுத் திறந்துவிட்டார்கள். என் கணவர் அங்கே திரும்பவில்லை. இப்போது வேறொரு கம்பெனி, அதே வேலை. சேர்ந்த முதல் நாள் வீட்டுக்கு வந்தவர் கை கழுவிக்கொண்டே சொன்னார்:

"அங்கயும் பிளாஸ்டிக் குழாதான். சொல்லியிருக்கேன். பாக்கலாம்."