பதினொன்றே கால் மணிக்கு ஆறியிருந்த அடுப்பு

ஆரோக்கியமேரியின் மெழுகுக் கோட்டாவை நிறுத்தியது என் கையெழுத்துதான்.

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் சிறுதொழில் அலுவலகம் ஒன்றில் இன்ஸ்பெக்டராக இருந்தேன். மெழுகுவர்த்தி செய்யும் பாரஃபின் மெழுகு அப்போது கடையில் சுலபமாகக் கிடைக்காது. பதிவு செய்த யூனிட்டுகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அரசு ஒதுக்கும். அதை வாங்கி அப்படியே கள்ளச்சந்தையில் விற்றவர்களும் உண்டு. அதனால் முன்கூட்டிச் சொல்லாமல் போய், யூனிட் இயங்குகிறதா என்று பார்த்து எழுத வேண்டும்.

செப்டம்பர் மாதம், வெயில் இன்னும் தணியவில்லை. அன்று என் மகனுக்குக் காய்ச்சல். கணவருக்கு வெளியூரில் வேலை. பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் திருமங்கலம் பஸ் ஏறினேன். ஆரோக்கியமேரியின் யூனிட் அவர் வீட்டிலேயேதான். அங்கே போனபோது மணி பதினொன்றே கால். பின்கட்டில் அடுப்பு ஆறிக் கிடந்தது. அலுமினிய அச்சுகளைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள்.

"மேரியக்கா கடைகளுக்குச் சரக்குப் போடப் போயிருக்கு. செத்த உக்காருங்க, வந்துரும்" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண்.

எல்லோரும் சொல்வதுதானே என்று நினைத்தேன். உட்காரவில்லை. 'இயங்கவில்லை' என்று எழுதிவிட்டுப் பஸ் பிடித்தேன்.

பத்து நாள் கழித்து ஆரோக்கியமேரி அலுவலகத்துக்கே வந்தார்.

"இயங்கலைன்னு எழுதிட்டீகளாமே மேடம்?"

"அடுப்பு ஆறிக் கிடந்துச்சும்மா."

"பதினோரு மணிக்கு எவ மெழுகு ஊத்துவா? விடியக்காலைலதான் பைப்புல தண்ணி வருது. அந்தப் பச்சத் தண்ணில முக்குனாத்தான் அச்சு ஆறும். வெயில் ஏறிருச்சுன்னா தொட்டித் தண்ணி சுட்டுரும், வத்தி அச்சோட ஒட்டிக்கிரும். ஏழு மணிக்குள்ள முடிச்சிட்டுத்தான் பிள்ளைகளப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவேன்."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"கல்லறைத் திருநாளுக்குச் சர்ச்சுல இம்புட்டு வருசமா வெளியூர் ஏஜெண்டுகிட்டதான் வாங்குனாக. இந்த வருசந்தான் எனக்கு ஆர்டர் குடுத்துருக்காக. மெழுகு இல்லாம நான் என்னத்த ஊத்துறது?"

மேலதிகாரியிடம் போய் மறு ஆய்வு கேட்டேன்.

"ரெண்டாந்தடவ பாக்க அது என்ன சினிமாவாம்மா? முதல்ல எழுதுனது தப்புன்னு நீங்களே எழுதிக் குடுங்க. அப்புறம் மெமோ வந்தா என்கிட்ட வந்து அழக் கூடாது."

இரண்டு நாள் எழுதவில்லை. வேலைக்கு ஏதாவது ஆபத்து வந்தால் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற பயம். மூன்றாம் நாள் எழுதிக் கொடுத்தேன்.

அனுமதி வந்ததும் முதல் பஸ்ஸில் போனேன். ஐந்தரை மணிக்கு, மிச்சமிருந்த கடைசி மூட்டை மெழுகு அடுப்பில் உருகிக்கொண்டிருந்தது. ஆரோக்கியமேரியும் இன்னும் இரண்டு பெண்களும் ஊற்றுவதும் முக்குவதும் அச்சைப் பிரிப்பதுமாக இருந்தார்கள். அவர் கையை நிறுத்தவில்லை.

"நல்லாப் பாத்துக்கங்க மேடம். செத்த நேரம் போனா இதுவும் இருக்காது."

'இயங்குகிறது' என்று எழுதினேன். மெமோ வந்தது, பதில் கொடுத்தேன். கோட்டாவும் வந்தது, ஜனவரியில். கல்லறைத் திருநாள் நவம்பர் இரண்டாம் தேதி. ஆர்டர் பழைய ஏஜெண்டிடமே போய்விட்டது. அடுத்த வருடமும் திரும்பவில்லை. ஆரோக்கியமேரி கடைகளுக்கு மட்டும் ஊற்றிக் கொடுத்தார். கூட வேலை செய்த இரண்டு பெண்களில் ஒருத்தியை நிறுத்த வேண்டியதாயிற்று. என்னை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பெண்கள் தொழில் தொடங்கக் கடன், பயிற்சி, மூலப்பொருள் என்று இப்போது திட்டங்கள் கூடியிருக்கின்றன. எல்லாம் பத்து மணிக்குத் திறந்து ஐந்து மணிக்கு மூடும் அலுவலகங்களில் இருக்கின்றன. ஆய்வுப் படிவத்தில் வேலை நேரத்துக்கென்று ஒரு கட்டம் இன்னும் கிடையாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு பெண் பதிவுக்கு வரும் அன்றே, எத்தனை மணிக்கு வேலை செய்வீர்கள் என்று கேட்டு ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்குப் போங்கள். உட்கார்ந்து பார்க்க முடியாத நாளில் லீவு போடுங்கள்.

நான் அன்று லீவு போட்டிருக்க வேண்டும்.