க்ளூமிக்கு இரண்டாவது அர்த்தம்

நான் ஏழாவது படித்தபோது இங்கிலீஷ் மிஸ் தினமும் ஒரு புதுச் சொல்லைப் போர்டில் எழுதிப் போடுவார். அன்றைக்கு ‘க்ளூமி’. இருண்டு கிடப்பது என்று ஓர் அர்த்தம், மனம் சோர்ந்து கிடப்பது என்று இன்னொன்று. அறையைச் சொல்லலாம், வானத்தைச் சொல்லலாம், ஆளையும் சொல்லலாம் என்றார். ஐந்து வாக்கியம் எழுதி, வீட்டில் கையெழுத்து வாங்கி வர வேண்டும்.

அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் வந்த போன் மாதத்துக்கு ஒன்றாகி, பிறகு அதுவும் நின்றுவிட்டது. எர்ணாவூரில் மூன்றாவது மாடி வீட்டில் நானும் அப்பாவும்தான். அப்பா துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டினார். சாயங்காலம் வந்தால் விளக்கைக்கூடப் போடாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். நான் வைத்த குழம்பைச் சாப்பிடுவார். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொன்னதில்லை.

வானம், மழை, மாடிப்படி, கம்பெனிப் புகை என்று நான்கு வாக்கியங்களை ஒப்பேற்றிவிட்டேன். ஐந்தாவதுக்கு ஒன்றும் தோன்றவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். ‘மை ஃபாதர் இஸ் க்ளூமி’ என்று எழுதினேன்.

எழுத்துக் கூட்டிப் படித்த அப்பா பேனாவை நிறுத்தினார்.

“ஃபாதர்னா நானு. அது இன்னா க்ளூமி?”

இரண்டாவது அர்த்தத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “இருட்டுப்பா,” என்றேன்.

“கருப்புன்னு எழுதிகீற. உள்ளதத்தான எழுதிகீற,” என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அப்பாடா என்றிருந்தது.

மறுநாள் துறைமுக கேட்டில் லாரிகள் வரிசையில் நிற்கும்போது இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அங்கிருந்த கிளார்க் ஒருவர் முழு அர்த்தத்தையும் சொல்லிவிட்டார். அப்பாவோடு லாரி ஓட்டிய மாமா ஒருவர் என் கல்யாணத்துக்கு வந்தபோதுதான் இது எனக்குத் தெரிந்தது. “அத்தக் கேட்டுட்டு உங்கப்பன் அன்னிக்குப் பூரா யாராண்டயும் பேசல பாப்பா. டீகூட வேணான்ட்டான்.”

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பா திடீரென்று மாறிப்போனது மட்டும்தான். வந்ததும் டியூப்லைட்டைப் போட்டார். குழம்பு சூப்பர் என்றார். லாரி வரிசையில் நடந்த சண்டையை நடித்துக் காட்டி, அவரே முதலில் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துக்கொண்டே சத்தமாகப் பாடினார். வரி தெரியாத இடங்களில் சீட்டியடித்தார்.

இவ்வளவு சந்தோஷத்துக்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும் என்று எனக்குப் பட்டது. பின்னால் போய் நின்றேன்.

“அம்மா வர்தாப்பா?”

பாட்டு நின்றது. நுரை படிந்த கையால் வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, “போய்ப் படி, போ,” என்றார், திரும்பாமல்.

சர்ப்ரைஸாக வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே போய் அம்மாவின் தலையணைக்கு உறை மாற்றினேன்.