அப்பாவின் கட்டை விரல் வராத ஒன்பது நாட்கள்

கொழும்பில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. வேலையின் பெயர் பெரிதாக இருக்கும். செய்வது என்னவோ மற்றவர்களின் மெசேஜ் ஏன் போகவில்லை என்று கண்டுபிடிப்பதுதான். அனுப்பினேன், கிடைக்கவில்லையாம் என்று காலையிலேயே யாராவது என் மேசைக்கு முன்னால் வந்து நிற்பார்கள். ஒருவர் பெரிய வீடியோவை அனுப்பிவிட்டு, அது கால்வாசி ஏறும்போதே லேப்டாப்பை மூடிக்கொண்டு சாப்பிடப் போயிருப்பார். இன்னொருவரின் போனில் காலை வணக்கப் பூப்படங்கள் நிரம்பி ஓர் எழுத்துக்குக் கூட இடம் இருக்காது. எல்லோரும் சேர்ந்து பாவிக்கும் ஃபோல்டரில் இருந்த ஃபைலை, தன் பக்கத்தில் இடத்தை அடைக்கிறது என்று அழித்துவிட்டு, எல்லோருக்கும் சேர்த்து அழிந்துபோனது தெரியாமல், யார் எடுத்தது என்று சண்டைக்கு வந்தவரும் உண்டு.

எனக்குப் பொறுமை குறைவு. இருந்தாலும் நான் கேட்பது எப்போதும் மூன்றே கேள்விகள். நெட் இருக்கிறதா? போனில் இடம் இருக்கிறதா? அனுப்பிய கையோடு என்ன செய்தீர்கள்? மூன்றாவது கேள்வியில்தான் முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்வார்கள்.

அப்பா இருப்பது மலையகத்தில், வட்டவளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து உருட்டும் மெஷினைப் பார்த்துக்கொண்டவர். ஓய்வு பெற்றபோது அந்த இரைச்சல் அவர் காதில் பாதியை எடுத்துக்கொண்டிருந்தது. நான் ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கும்போதே அம்மா போய்விட்டார். நான் ஒரே பிள்ளை. போனில் கூப்பிட்டால், "என்னா? என்னா?" என்பதிலேயே பேச்சு முடிந்துவிடும். அதனால் போன தீபாவளிக்கு ஒரு டச் போன் வாங்கிக் கொடுத்து, மெசேஜ் படிப்பதற்கும் பேசிப் பதிந்து அனுப்புவதற்கும் காட்டிக் கொடுத்தேன். டேட்டா வீணாகாமல் பார்த்துக்கொள்வதற்கும் சொல்லிக் கொடுத்தேன். பதிந்த குரலை, சத்தத்தைக் கூட்டிக் காதோடு ஒட்டி வைத்துத் திரும்பத் திரும்பப் போட்டால் அவருக்கு விளங்கிவிடும்.

ஆனால் அவருக்குப் பேசுவதைவிடப் பிடித்துப்போனது அந்தக் கட்டை விரல் படம். சாப்பிட்டீங்களா? கட்டை விரல். மருந்து குடிச்சீங்களா? கட்டை விரல். எனக்குச் சம்பளம் கூடியிருக்கு என்றதற்கும் அதே கட்டை விரல். மெசேஜைப் படித்த மறு நிமிடமே அது வந்து நிற்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவருக்கு நீளமாக ஒன்று எழுதி அனுப்பினேன். கூட வேலை செய்பவரை எனக்குப் பிடித்திருக்கிறது, யாழ்ப்பாணத்துப் பக்கம், நல்ல மனுஷர், உங்கள் சம்மதம் இல்லாமல் எதுவும் செய்ய மாட்டேன் என்று எழுதி, அவருடைய படத்தையும் வைத்தேன். இரண்டு டிக் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அது நீலமானது. படித்துவிட்டார்.

கட்டை விரல் வரவில்லை.

முதல் இரவு, யோசிக்கிறார் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் எனக்குப் பயம் வந்தது. எங்கள் தோட்டத்து ஆட்கள் என்றால் யாழ்ப்பாணத்துப் பக்கத்தில் இளக்காரம் என்று அப்பா ஒருமுறை சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டில் யாருக்காவது போன் போட்டு விசாரிக்கலாம் என்றால், வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஒருவருக்குத் தெரிவதும் காலையில் பெரட்டுக்களத்தில் எல்லோரையும் நிறுத்தி வேலைக்குப் பெயர் கூப்பிடும்போது சொல்லிவிடுவதும் ஒன்றுதான். ஐந்தாம் நாள் பயம் போய்க் கோபம் வந்தது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாமே, இது என்ன வாயை மூடிக்கொண்டிருப்பது? நானும் வேறெதுவும் எழுதவில்லை. சாப்பிட்டீங்களா என்றுகூடக் கேட்கவில்லை. பிடிவாதத்தில் அவர் மகள் இல்லையா நான்?

அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுவேனா என்று எனக்கே தெரியவில்லை. சம்மதம் இல்லாமல் எதுவும் செய்ய மாட்டேன் என்று சுலபமாக எழுதிவிட்டேன்.

அடுத்த வியாழன் பௌர்ணமிக்கு விடும் போயா லீவு. கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் காலை ரயில் பிடித்து வட்டவளையில் இறங்கினேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்து, தோட்டத்து மேட்டில் ஏறும்போது எல்லாவற்றையும் மறந்திருந்தேன். லயத்துக்கு முன்னால் குழாயடியில் நாலைந்து பேர் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில், சுவருக்குப் புதிதாக நீலப் பெயின்ட் அடித்திருந்தது. உள்ளே கடையில் சுற்றிக் கொடுத்த உறை பிரிக்காத இரண்டு புது பிளாஸ்டிக் நாற்காலிகள். கோயில் திருவிழா வருகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் பாதையைப் பார்த்தார்.

"ஒத்தையாவா வந்த?"

குத்திக் காட்டுகிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். பையைக் கீழே வைக்கக்கூட இல்லை. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் நான் யாரைக் கூட்டிக்கொண்டு வருவது என்று கேட்டுவிட்டேன். அவருக்குக் கேட்க வேண்டுமென்று சத்தமாகவே கேட்டேன். குழாயடியில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை நாள் லயத்துக்குத் தெரியக் கூடாது என்று காத்ததை நானே மைக் போட்டுச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

அப்பா என் பையை வாங்கித் தரையில் வைத்தார்.

"சொன்னேனே பாப்பா. ஏழு வாட்டி சொன்னேன்."

போனை எடுத்து வந்து சாட்சிக்குக் காட்டுகிறவர் மாதிரி நீட்டினார். என் படம் இருந்த சாட்டில், வரிசையாக ஏழு குரல் பதிவுகள். ஒவ்வொன்றின் மீதும் ஒரு சின்ன அம்புக்குறி. எதுவும் போகவில்லை. ஒரு நாளில் பத்துப் பேருடைய திரையில் நான் பார்க்கும் அதே அம்புக்குறி. ஒன்பது நாளாக எனக்கு வராத மூன்றாவது கேள்வி அப்போதுதான் வாயில் வந்தது. பேசி முடிச்ச கையோட என்ன செஞ்சீங்க?

"வேல முடிஞ்சிச்சு. டேட்டாவ ஆஃப் பண்ணிட்டேன். நீதான சொன்ன?"

நான்தான் சொன்னேன். வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் டேட்டா ஓடிவிடும் என்று தீபாவளியன்று இதே இஸ்தோப்பில் உட்கார்ந்து சொன்னேன். வாழ்நாள் முழுக்க மெஷின் நின்றதும் மெயின் சுவிட்சை இறக்கிய மனுஷரிடம் இதை இரண்டாம் முறை சொல்லத் தேவையில்லை. கட்டை விரல் இலேசானது, கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். குரல் ஏற, எங்கள் தோட்டத்து ஒற்றைக்கோட்டு சிக்னலில் ஒரு நிமிடமாவது வேண்டும். அவர் விரலை எடுத்த நொடியே டேட்டாவை அணைத்திருக்கிறார். மறுபடி திறக்கும்போது பழையதைப் போக வைக்க அந்த அம்பைத் தட்ட வேண்டும். அதை நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை. கொழும்பில் அத்தனை பேருக்கும் சொல்கிறேன்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பெரிய மூட்டையைத் தலையிலிருந்து இறக்கி வைத்த மாதிரி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை, என்னோடு பேசாமல் இருக்கவில்லை என்பதே அந்த நிமிடத்துக்குப் போதுமாக இருந்தது. வழக்கமாக அனுப்பும் கட்டை விரலையாவது அனுப்பியிருக்கலாமே என்று கேட்டேன். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இந்த விசயத்துக்குக் கட்ட விரலா காட்டுறது?"

இஸ்தோப்புத் தூணோரம்தான் சிக்னல் நிற்கும். அங்கே போய் நின்று டேட்டாவைத் திறந்து, ஏழு அம்பையும் ஒவ்வொன்றாகத் தட்டினேன். பையில் கிடந்த என் போன் ஒவ்வொரு முறையாக மணி அடித்தது. இதே இடத்தில் அவர் பேசியும், எட்ட இருந்த என் பைக்கு இத்தனை நாள் கழித்து நடந்தே வந்து சேர்ந்த குரல்கள். அப்பாவுக்கு மணிச் சத்தம் கேட்கவில்லை. வந்துருச்சா, வந்துருச்சா என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் போனை எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். முதலாவதில், படம் பார்த்தேன், முகம் நல்ல களையாக இருக்கிறது என்றார். இரண்டாவதில், எனக்கு ஒரே ஒரு கேள்விதான், அதை அவரிடமே கேட்டுக்கொள்கிறேன் என்றார். மூன்றாவதும் நான்காவதும், ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் அவரைக் கூட்டிக்கொண்டு வா, ஸ்டேஷனுக்கு வந்து நிற்கிறேன் என்று. ஐந்தாவது ஸ்டேஷனிலிருந்தே பேசியது. ரயில் வந்து நிற்கிற சத்தம், ஆட்கள் இறங்கும் சத்தம், அப்புறம் ரயில் போகிற சத்தம். கூட்டத்துல ஒங்களக் காணோமே என்று ஒரு வரி. ஆறாவதில் பெயின்ட் காய்ந்துவிட்டது, எப்போது வந்தாலும் சரி என்றார்.

ஏழாவது முந்தின நாள் பதிந்தது.

"நான் ஏதாச்சும் தப்பா சொல்லிட்டேனா பாப்பா? ஒரு பதிலும் இல்லையே."

நான் போய் அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டேன். எதுக்கு அழுவுற, நல்லதத்தான சொல்லியிருக்கேன் என்று அவர் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். குழாயடியில் யாரும் குடத்தைத் தூக்கவில்லை. இருந்து பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிளேன்டீ குடித்து முடிந்ததும், தன் போனில் இனி நம்பிக்கை இல்லை என்று அப்பா என் போனைக் கேட்டு வாங்கினார். கொழும்பில் இருந்த, எனக்குப் பிடித்தவருக்கு அதிலேயே பேசிப் பதிந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, தொழிற்சாலைக்குள் நின்று கத்துகிற குரலில்:

"தம்பி, வர்ற ஞாயித்துக்கெழம வாங்க. வந்து ஒண்ண மட்டும் எம் மொகத்தப் பாத்துச் சொல்லணும். எம் மகள ஒங்க வீட்டுல எப்புடி நடத்துவாங்க?"

விரலை எடுத்தார். எடுத்த கையோடு டேட்டாவை அணைக்க இடம் தேடினார். போனைப் பிடுங்கிக்கொண்டேன். இரண்டு டிக் விழுந்தது, நீலமானது. பதில் வந்திருச்சா என்று கேட்டபடி அப்பா கண்ணாடியை எடுக்க உள்ளே போனார்.

வந்திருந்தது. ஒரு கட்டை விரல்.

அப்பா கண்ணாடியோடு வெளியே வந்து அதைப் பார்ப்பதற்குள் அவருக்கு அவசரமாக எழுதி அனுப்பினேன்: அதை உடனே அழித்துவிட்டு வாயைத் திறந்து பேசி அனுப்புங்கள், போய்ச் சேரும்வரை டேட்டாவை அணைக்காதீர்கள்.