பதில் வராத மெசேஜும் ஆறு விசைத்தறிகளும்

கோர்ட் வராந்தாவில் என் கேஸுக்காகக் காத்திருந்தபோது சண்முகையா போன் செய்தார். திருவேங்கடத்தில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். என் பழைய கட்சிக்காரர். சங்கரன்கோவிலில் ஒரு தறிக்கூடத்து வாசலில் லாரியோடும் ஆட்களோடும் நிற்பதாகச் சொன்னார்.

"வக்கீலம்மா, நான் வாங்குன தறிய எடுக்க விடமாட்டேங்காவ. உடனே ஒரு நோட்டீஸ் விடணும்."

அக்ரிமெண்ட் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. அட்வான்ஸ் கொடுத்தாரா? அதுவும் இல்லை. பேச்சாவது முடிந்ததா என்றதற்கு, அதெல்லாம் முடிந்துவிட்டது என்றார். சிவில் பக்கம் காலம் தள்ளியவர்களுக்கு இந்தப் பதிலைக் கேட்டாலே தலை வலிக்கும். நேரில் பார்க்காமல் நோட்டீஸ் விடுவதில்லை என்று சொல்லிவிட்டு, என் கேஸ் முடிந்ததும் ஆட்டோ பிடித்துப் போனேன்.

தறிக்கூடம் கோமதி என்பவருடையது. கணவர் இறந்த பிறகு தனியாக நடத்தி வந்தார். தறிகளை விற்கும் யோசனையில் இருந்தது எல்லாருக்கும் தெரியும். நான் போனபோது கேட்டை உள்பக்கம் பூட்டிக்கொண்டு நின்றார். தறி ஓட்டுகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு அவர் பின்னால் நின்றார்கள்.

சண்முகையா செல்போனை நீட்டினார். கோமதிக்கு அவர் அனுப்பிய மெசேஜ் அதில் இருந்தது. ஆறு தறிகளையும் இன்ன விலைக்கு எடுத்துக்கொள்கிறேன், வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் சம்மதம் என்று வைத்துக்கொள்வேன் என்று எழுதியிருந்தார். அதன் கீழே இரண்டு நீல டிக். வேறொன்றும் இல்லை.

"படிச்சிட்டாவ. வேண்டாம்னு சொல்லலைல்லா? மௌனம் சம்மதம்னு சும்மாவா சொல்லியிருக்கு?"

பெண் பார்க்கப் போன இடத்தில் அந்தப் பழமொழி செல்லலாம், ஒப்பந்தச் சட்டத்தில் செல்லாது என்றேன். ஆஃபர் கொடுக்கிறவர் பதில் இந்த வழியில் வர வேண்டும் என்று கேட்கலாம். பதிலே சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகும் என்று எதிராளி தலையில் கட்ட முடியாது. அக்செப்டன்ஸ் சொல்லாலோ செயலாலோ தெரிய வேண்டும். பூட்டிய கேட்டில் எந்தச் சம்மதம் தெரிகிறது என்று கேட்டேன். அவரோ லாரி பேசியாயிற்று, தறி போட இடம் பிடித்தாயிற்று என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அதெல்லாம் அவர் செய்த ஏற்பாடு, அந்த அம்மாவை எப்படிக் கட்டுப்படுத்தும்? மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். கோமதி போன் செய்து வரவழைத்திருந்த போலீஸ்காரர் என் பக்கத்தில் நின்று பொறுமையாகக் கேட்டார். நான் முடித்ததும், "இருந்தாலும் மேடம், மௌனம் சம்மதம்தானே?" என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

கோமதி கேட்டுக்கு உள்ளேயிருந்து என்னைப் பார்த்துச் சொன்னார்.

"அண்ணாச்சிக்கே குடுத்துரணும்னுதாம்மா இருந்தேன். இங்கன வேலை பாக்குதவங்களையும் சேத்து எடுத்துக்கிடுவாகளான்னு கேக்கணும். அதுக்கு முன்னால இவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணும்னு நெனச்சேன். அதுக்குள்ள ஸ்பேனரோட ஆள் வந்து நிக்கி."

சண்முகையாவின் முகம் மாறிவிட்டது. "எடுத்துக்கிடுதேன். எல்லாரையும் எடுத்துக்கிடுதேன்" என்றார்.

"இனிமே வேண்டாம் அண்ணாச்சி" என்றார் கோமதி. அன்று அந்த வாசலில் யாருக்கும் சந்தேகமில்லாத பதில் அது ஒன்றுதான்.

லாரி காலியாகத் திரும்பியது. எதிராளி முன்னால் நான் அவரை விட்டுக்கொடுத்துவிட்டதாகச் சண்முகையாவுக்குக் கோபம். வேறொரு வக்கீலைப் பிடித்து நோட்டீஸ் விட்டார். அதனால் ஒன்றும் ஆகவில்லை. கோமதி பிறகு தறிகளைப் பனவடலிசத்திரத்துக்காரர் ஒருவருக்கு விற்றார். வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் அங்கேயே வேலைக்குப் போனார்கள்.

ஜூனியர்களுக்கு நான் சொல்வது இதுதான். கட்சிக்காரர் 'பேசி முடிச்சாச்சு' என்று வந்தால், தான் பேசியதை மணிக்கணக்கில் சொல்லுவார். அதைச் சற்று நிறுத்தச் சொல்லி, எதிர்ப்பக்கம் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். அதற்குப் பதில் வராவிட்டால் நோட்டீஸ் டைப் செய்யாதீர்கள். ஒருவர் எவ்வளவு பேசியிருந்தாலும் அது பாதி ஒப்பந்தம்கூட ஆகாது.